ஒரு பை அரிசி, ஒரு ஓவர்கோட்

தமிழ் சினிமாவில் பனி என்றால் ஒரு பாட்டு. ஐந்து நிமிஷம். ஹீரோ ஸ்வெட்டர், மஃப்ளர், லெதர் ஜாக்கெட் சகிதம் வருவார். ஹீரோயினுக்கு மட்டும் ஷிஃபான் புடவை. அந்தப் பெண்ணுக்குக் குளிராதா என்று கேட்டால் ரசனை இல்லாதவன் என்பார்கள். பாட்டு முடிந்ததும் கதை திரும்ப கே.கே. நகருக்கு வந்துவிடும்.

அந்தப் பனி பெய்கிற ஊரிலும் மறுநாள் காலை விடியும் இல்லையா? பால் யார் வாங்கி வந்தார்கள், துவைத்த துணி எங்கே காய்ந்தது, குழந்தைக்கு சாக்ஸ் மாட்டி, ஷூ மாட்டி, தொப்பி மாட்டி, கையுறை மாட்டி முடித்த நிமிஷத்தில் அது ஒண்ணுக்கு வருது என்று சொன்னபோது அந்தத் தாய் என்ன செய்தாள்? இதையெல்லாம் நம் டைரக்டர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பாட்டு கெட்டுப்போகும்.

கேட்டவர் ஜும்பா லாஹிரி. பெங்காலிப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். முதல் சிறுகதைத் தொகுதிக்கே 2000-ல் புலிட்சர் பரிசு வாங்கிவிட்டு, 2003-ல் 'தி நேம்சேக்' என்று ஒரு நாவல் எழுதினார். அதை மீரா நாயர் 2006-ல் படமாக எடுத்தார். தபு, இர்ஃபான் கான், கால் பென். படத்தைப் பார்த்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நாவலைப் படித்தவர்கள் கொஞ்சம் கம்மி. இரண்டையும் பார்க்காமல் 'புலம்பெயர்ந்தோர் அடையாளச் சிக்கல்' என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர்களும் இருக்கக் கூடும்.

பேச்சு எல்லாம் அந்தப் பெயரைப் பற்றித்தான். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன அசோக் கங்குலி - ஆஷிமா தம்பதிக்கு ஒரு பையன் பிறக்கிறான். பாட்டி கடிதத்தில் அனுப்பிய பெயர் தபாலில் தொலைந்துபோகிறது. பெயர் வைக்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து விடமாட்டேன் என்கிறார்கள். அவசரத்துக்கு, அப்பாவுக்குப் பிடித்த ரஷ்ய எழுத்தாளர் பெயரைக் கொடுக்கிறார்கள்: கோகோல். பையன் வளர்ந்து அந்தப் பெயரை வெறுக்கிறான், மாற்றிக்கொள்கிறான், அப்புறம் புரிந்துகொள்கிறான். இதுதான் கதை என்று பின்னட்டையும் சொல்கிறது.

பின்னட்டையை நம்பாதீர்கள். பெயர் என்பது லாஹிரி கதையை மாட்டி வைக்க அடித்துக்கொண்ட ஆணி. மாட்டியிருப்பது வேறு. வெயில் தேசத்துப் பெண் ஒருத்தி குளிர் தேசத்தில், அம்மா இல்லாமல், மாமியார் இல்லாமல், அடுத்த வீட்டு மாமிகூட இல்லாமல் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்பதுதான் அது. நாவலில் மொத்தம் 12 அத்தியாயம். என்னைக் கேட்டால், முதல் நான்கும் ஒரு பெரிய எழுத்தாளர் எழுதியவை. மீதியை ஒரு நல்ல எழுத்தாளர் எழுதியிருக்கிறார்.

முதல் காட்சியையே பாருங்கள். குளிரைப் பற்றிய நாவல் வியர்வையில் தொடங்குகிறது. 1968 ஆகஸ்ட். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் புழுக்கம் தாங்காத ஒரு சாயங்காலம். நிறைமாத கர்ப்பிணியான ஆஷிமா சமையலறையில் நின்று ரைஸ் கிரிஸ்பீஸ் என்கிற அமெரிக்கக் காலைத் தீனியைக் கிண்ணத்தில் கொட்டுகிறாள். வேர்க்கடலை, நறுக்கிய வெங்காயம் சேர்த்துக் கலக்கிறாள். கல்கத்தா ரோட்டோரத்தில் காகிதப் பொட்டலத்தில் விற்பார்களே ஜால்முரி, நம்மூர் மசாலாப் பொரிக்கு அக்கா முறை, அதைச் செய்து பார்க்கிறாள். வாயில் போட்டால் ஏதோ ஒன்று குறைகிறது. எப்போதும் போல.

மசக்கைக்காரி புளி கேட்டாள், மாங்காய் கேட்டாள் என்று ஆயிரம் கதை படித்திருக்கிறோம். கேட்டால் வாங்கிக் கொடுக்க அங்கே யாராவது இருப்பார்கள். இங்கே கேட்பவளும் அவள்தான், வாங்கப் போகிறவளும் அவள்தான், குறைகிறது என்று தெரிந்தும் சாப்பிடுகிறவளும் அவள்தான். ஒரு கிண்ணம் பொரியில் இவ்வளவையும் வைத்துவிட்டு லாஹிரி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பிரசவ வலி வந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியிலும் அவள் கூடப் போவது ஒரு பழைய 'தேஷ்' பத்திரிகை. ஊரிலிருந்து வரும்போது விமானத்தில் படிக்கக் கொண்டுவந்த பெங்காலி வாரப் பத்திரிகை. பத்துத் தடவைக்கு மேல் படித்தாகிவிட்டது, தூக்கிப்போட மனசில்லை. பத்திரிகைக்காரன் என்கிற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. நாம் எழுதுவதெல்லாம் வியாழக்கிழமை வந்து அடுத்த புதன்கிழமை பழைய பேப்பர்காரரிடம் போகிற சமாச்சாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இந்த நாவலில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. லாஹிரி அதை விளக்குவதில்லை, அவருக்கு அது வேலையும் இல்லை. 1968 என்கிற வருஷம். 1946-ல் போட்ட சட்டப்படி, வருஷத்துக்கு 100 இந்தியர்கள்தான் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற முடியும். 1965-ல் சட்டம் மாறியது, 1968 மத்தியில் பழைய கோட்டா முறை முழுசாக ஒழிந்தது. படித்தவர்களுக்கு, குறிப்பாக எஞ்ஜினீயர்களுக்கும் டாக்டர்களுக்கும், கதவு திறந்தது. அசோக் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தவர். இந்தப் பக்கம் நம் அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் கையில் 8 டாலரோடு விமானம் ஏறினேன் என்று சொல்லாத பெரியவர் அமெரிக்காவில் இல்லை.

ஆக, கணவனுக்குக் கதவைத் திறந்தது ஒரு சட்டம். மனைவிக்கு என்ன இருந்தது? நாவலில் அதற்கு ஒரு அற்புதமான பதில் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று ஆஷிமா அறைக்குள் போகும் முன் வாசலில் மாப்பிள்ளையின் ஷூவைப் பார்க்கிறாள். உள்ளே 'யு.எஸ்.ஏ.' என்று போட்டிருக்கிறது. யாரும் பார்க்காதபோது அந்த ஷூவுக்குள் தன் காலை விட்டுப் பார்க்கிறாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே. அவள் அமெரிக்காவுக்குள் கால் வைத்தது அந்த நிமிஷம்தான். விசா எல்லாம் அப்புறம்.

*

இப்போது அந்த அரிசிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அசோக் வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டில் ஆஷிமாவும் சிசுவும். தூக்கம் இல்லை. ஊரிலிருந்து கடிதம் வராதா என்று காத்திருப்பு. ஒருநாள் அழுதுகொண்டே இருக்கிறாள். அழுகைக்குப் பெரிய காரணம் எல்லாம் இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரப் பெண்மணியிடம் போய்க் கேட்கிறாள். அந்த அம்மாள் தங்கமானவர். இந்தா என்று கொடுக்கிறார். கொடுத்தது பழுப்பரிசி, தீட்டாத அரிசி. மரியாதைக்கு ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு கீழே வந்து ஆஷிமா அதைக் கொட்டிவிடுகிறாள்.

கணவனுக்குப் போன் செய்கிறாள், வரும்போது அரிசி வாங்கி வரச் சொல்ல. போனை யாரும் எடுக்கவில்லை. உடனே எழுந்து முகம் கழுவிக்கொள்கிறாள். தலை வாரிக்கொள்கிறாள். குழந்தைக்குத் துணி மாற்றி, வீட்டுக்காரர்கள் கொடுத்த பழைய தள்ளுவண்டியில் வைத்து, முதல் தடவையாகத் தனியாகத் தெருவில் இறங்கிக் கடைக்குப் போய் ஒரு பை வெள்ளை அரிசி வாங்கி வருகிறாள்.

அவ்வளவுதான் காட்சி. பின்னணி இசை கிடையாது. 'அவள் மாறிவிட்டாள்' என்று லாஹிரி சொல்வதில்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சக்கட்டம் இதுதான். கங்குலி குடும்பம் அமெரிக்காவில் நிலைத்தது எம்.ஐ.டி. பட்டத்தால் அல்ல, இந்த ஒரு பை அரிசியால். அன்றைக்கு அசோக் போனை எடுத்திருந்தால் அவர் அரிசி வாங்கி வந்திருப்பார், அவள் இன்னும் ஒரு மாதம் அழுதிருப்பாள்.

இதைச் சொன்னால் 'அரிசி வாங்கியதெல்லாம் ஒரு சாதனையா சார்' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அரிசி தானாக வருகிறது என்று அர்த்தம்.

இதற்குச் சமமான இன்னொரு இடம், குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் நடக்கிற அன்னப்பிராசனம். நம் ஊர் சோறூட்டல்தான். ஆகஸ்டில் பிறந்தவனுக்குப் பிப்ரவரி. நண்பர் ஒருவர் தாய்மாமனாக நடிக்கிறார், ஏனென்றால் நிஜ மாமன் கல்கத்தாவில். பெங்காலிகள் வழக்கப்படி குழந்தை முன்னால் ஒரு தட்டை வைக்கிறார்கள். மண்ணைத் தொட்டால் நிலபுலன், பேனாவைத் தொட்டால் படிப்பு, பணத்தைத் தொட்டால் வியாபாரம். மண், கொல்லையில் தோண்டி எடுத்த கேம்பிரிட்ஜ் மண், ஜில்லென்று இருக்கிறது. பணம், ஒரு டாலர் நோட்டு. குழந்தை மூன்றையும் தொடாமல் வீறிட்டு அழுகிறது.

விமரிசகர்கள் இதைக் குறியீடு என்பார்கள். இருக்கட்டும். எனக்குத் தோன்றியது வேறு. பிப்ரவரி மாதம் பாஸ்டன் பக்கத்தில் தரை கல் மாதிரி உறைந்து கிடக்கும். ஜனவரி இரவுகளில் சராசரியே பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி கீழே போகிற ஊர். அந்தத் தரையில் ஒரு பிடி மண் எடுக்க யாரோ ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கொத்தியிருக்க வேண்டும். ஒரு சடங்கை விடாமல் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். உள்ளூரில் கோயில் கட்டுவதெல்லாம் அப்புறம் வசதி வந்த பிறகு.

*

நல்லதைச் சொல்லியாச்சு. இனி சண்டை.

அசோக் நல்ல மனிதர். குரலை உயர்த்தாதவர், படிப்பாளி, பழைய கால மரியாதைக்காரர். இர்ஃபான் கான் நடித்த பிறகு அவரை விமரிசிப்பதே பாவம் என்கிற மாதிரி ஆகிவிட்டது. 2020-ல் இர்ஃபான் மறைந்தபோது எத்தனையோ பேர் முதலில் நினைத்துக்கொண்டது இந்த அசோக்கைத்தான். எனக்கும் பிடித்த நடிகர்.

ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். நாவலின் பிற்பகுதியில் அசோக் வேலை நிமித்தம் சில மாதங்கள் கிளீவ்லாண்ட் போகிறார். தனியாக. அங்கேயே மாரடைப்பில் இறந்துபோகிறார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டு வீட்டில் தனியாக இருந்த ஆஷிமாவுக்குப் போனில் செய்தி வருகிறது. பிறகு ஆஷிமா சொல்கிறாள்: அவர் ஏன் கிளீவ்லாண்ட் போனார் என்று இப்போது புரிகிறது, தனியாக வாழ்வது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான்.

இந்த இடத்தில் தியேட்டரில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. எனக்குக் கோபம் வந்தது.

கற்றுக்கொடுத்தாராமா! முப்பது வருஷத்துக்கு முன்னால் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அரிசிக்கடைக்குப் போனவளுக்கா? அப்போது போனை எடுக்காத மனுஷர் இப்போது செத்துப்போய் ஆசிரியர் ஆகிவிட்டார். துக்கத்தில் ஒரு மனைவி அப்படிச் சொல்வாள், சொல்லக் கூடியவள்தான். நம் வீடுகளிலும் 'எல்லாம் அவர் போட்ட பிச்சை' என்று சொல்லும் பாட்டிகள், அந்த 'அவரை' நாற்பது வருஷம் தூக்கிச் சுமந்தவர்கள்தானே? ஆனால் பாத்திரம் சொல்வதை ஆசிரியரும் நம்பிவிடுகிற மாதிரி அந்த இடம் எழுதப்பட்டிருக்கிறது. தன்னுடைய இரண்டாம் அத்தியாயத்தை லாஹிரியே மறந்துவிட்டார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மறந்ததற்குக் காரணமும் தெரிகிறது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து புத்தகம் பையன் கைக்குப் போய்விடுகிறது. கல்லூரி, நியூயார்க், ஒரு காதலி, இன்னொரு காதலி, கல்யாணம், துரோகம். காதலி வீட்டில் என்ன ஒயின், என்ன பாலாடைக்கட்டி, என்ன டம்ளர் என்று பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாம் சுத்தமான எழுத்து. ஆனால் பொருள் பட்டியலாக நிற்கிறது. ஆஷிமாவின் சமையலறையில் ஒரு வெங்காயம் நறுக்கினால் கல்கத்தா தெரிந்தது. கோகோலின் காதலி வீட்டில் இருபது சாமான் இருந்தும் விலைச்சீட்டுதான் தெரிகிறது.

நடுவில் ஒரு அருமையான விஷயம் சரசரவென்று தாண்டிப் போகிறது. கேம்பிரிட்ஜை விட்டு பாஸ்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழக ஊருக்குக் குடிபோகிறார்கள். கல்கத்தாவிலிருந்து வந்ததைவிட இந்தக் குடிபெயர்ச்சிதான் ஆஷிமாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது. காரணம் ரொம்ப சிம்பிள். அங்கே நடந்து போகக் கடை இல்லை, அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரு விளக்கு இல்லை, நடைபாதை இல்லை. நாடு விட்டு நாடு வந்தவள் தளர்ந்துபோனது நடைபாதை இல்லாத ஊரில். அமெரிக்கா போய் வந்த நம் ஊர் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கடைத்தெருவுக்குக் கூட யாராவது கூட்டிட்டுப் போனாத்தான்' என்பார்கள். இதை ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கலாம். சில பக்கங்களில் முடித்துவிட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் கண் தப்புவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பையன் இஷ்டத்துக்கு வண்டியை நிரப்புகிறான். அவனும் தங்கச்சியும் சாப்பிடும் சாமான்கள், பெற்றோர் தொடாத சாமான்கள். வாரத்தில் ஒருநாள் அமெரிக்கச் சமையல், பிள்ளைகளுக்காக. பிள்ளைகளுக்காகவே கிறிஸ்துமஸ், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் விமரிசையாக. ஒரே வீட்டில் இரண்டு மளிகைக் கணக்கு. பெற்றோர் ஊரை விட்டு வந்தார்கள், பிள்ளைகள் எந்த ஊரையும் விடவில்லை, அங்கேயே பிறந்தவர்கள். இந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்க்க முடியாது. மளிகை லிஸ்ட்டில் எழுதத்தான் முடியும்.

*

படம் பற்றி. மீரா நாயர் கதையை பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார். ஹௌரா பாலத்தையும் நியூயார்க் பாலத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட வசதியாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பாலங்கள் கொஞ்சம் அதிகம். ஒரு தடவை காட்டினால் போதும், புரிந்துகொள்ள மாட்டோமா?

ஆனால் குளிரை அவர் விடவில்லை. புதுப் பெண்டாட்டியைப் பனி கொட்டும் ஊருக்குக் கூட்டிவந்த அசோக், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டுகிறார். இங்கே இருபத்து நாலு மணி நேரமும் கேஸ் வரும் என்கிறார். நம்மில் சிலிண்டருக்கு எழுதிவைத்து மாசக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு, இது காதல் வசனத்துக்குக் குறைந்தது இல்லை. ஜன்னலுக்கு வெளியே மொட்டை மரம். உள்ளே அணையாத அடுப்பு. அந்தக் கணவனிடம் மனைவிக்குக் கொடுக்க இருந்த சீதனம் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஸ்வெட்டர். தபு கணவனின் கம்பளிச் சட்டைகளை மெஷினில் போட்டுத் துவைத்துவிடுகிறார். எல்லாம் குழந்தை சைஸுக்குச் சுருங்கிவிடுகின்றன. அசோக் ஏதோ சொல்ல, தபு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். தியேட்டரில் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் கம்பளியை வெந்நீரில் போடக்கூடாது என்பது குளிர் தேசத்தில் அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கல்கத்தா அம்மாவுக்கு அதைச் சொல்லத் தோன்றியிருக்காது. இந்த மாதிரிப் பாடங்கள் ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வெட்டரைப் பலி கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு நிலைமை அப்படியில்லை. பெண் உண்டாகியிருக்கிறாள் என்றதும் சென்னையிலிருந்து அம்மா கிளம்பிவிடுகிறார். ஆறு மாதம் தங்க விசிட்டர் விசா. பெட்டியில் பிரசவ லேகியம், பருப்புப்பொடி, வசம்பு. அவர் திரும்பும்போது சம்பந்தியம்மா இறங்குவார், ஷிப்டு மாதிரி. வாட்ஸ்அப்பில் குழந்தை குப்புற விழுவதைக் கூடுவாஞ்சேரியிலிருந்து நேரடியாகப் பார்க்கலாம். தபாலில் தொலைய இனிமேல் ஒரு பெயரும் இல்லை. லாஹிரியின் கதை இன்றைக்கு முதல் அத்தியாயத்திலேயே முடிந்துபோகும்.

மாறாதது குளிர்தான். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அது எந்த ஆப் வந்தாலும் உறையும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க முதலில் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தணும். இட்லி மாவு பொங்காது. அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்து மாவைத் தூங்க வைக்கிற வித்தையை அங்கே இருக்கிற எல்லாத் தமிழ்ப் பெண்களும் அறிவார்கள். நாலரை மணிக்கே இருட்டுகிற டிசம்பரில், பூங்காவும் இல்லாமல் தெருவும் இல்லாமல், இரண்டு வயசுப் பிள்ளையை நாலு சுவருக்குள் வைத்துக்கொண்டு ராத்திரி வரை ஓட்டுவது எப்படி என்பதை வீடியோ கால் சொல்லித்தராது. அது அணைந்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

தமிழில் இதை எழுத ஒரு சங்கடம் உண்டு. நமக்குப் பனி என்றால் ஒரே சொல்தான். மார்கழிக் காலையில் கோலத்தின் மேல் இறங்குவதும் பனி, புல் நுனியில் நிற்பதும் பனி, பாஸ்டனில் காரை மூடிவிடுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பிரித்த மொழிதான். ஆனால் அந்தப் பனி சால்வை போர்த்தினால் போய்விடும். மண்வெட்டி எடுத்து வாரவேண்டிய பனிக்குத் தமிழில் தனிச் சொல் பிறக்கவில்லை, பிறக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஈழத்துக்காரர்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேரும்வரை. எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் சேர்ந்து தொகுத்த 'பனியும் பனையும்' என்கிற கதைத் தொகுப்பின் தலைப்பிலேயே அந்தச் சங்கடம் முழுக்க இருக்கிறது. ஒரு எழுத்துதான் வித்தியாசம், நடுவில் ஒரு சமுத்திரம். அவர்கள் போனது எம்.ஐ.டி. ஸ்காலர்ஷிப்பில் அல்ல, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. லாஹிரியின் நாவலோடு அவற்றை ஒப்பிடுவது நியாயமில்லை. ஆஷிமாவுக்கு அழுதால் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, அவர்களுக்கு அதுவும் இல்லை.

கடைசியாக அந்த ஓவர்கோட்.

எல்லோரும் 'கோகோல்' என்கிற பெயரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே, அசோக் ரயில் விபத்தில் பிழைத்தபோது கையில் இருந்த கதை எது? 'ஓவர்கோட்.' 1842-ல் வந்தது. கசங்கிய அந்தக் காகிதம் கையிலிருந்து விழுந்ததைப் பார்த்துத்தான் இடிபாடுகளுக்குள் ஆள் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறார்கள். பெயர் அங்கிருந்து வந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். கதை என்ன என்று யாரும் நின்று பார்த்த மாதிரித் தெரியவில்லை.

பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஒரு குமாஸ்தா. குளிர் தாங்கவில்லை. பழைய கோட்டு கிழிந்துவிட்டது, ஒட்டுப்போட இடமில்லை என்று தையல்காரன் கைவிரிக்கிறான். புதுக் கோட்டுக்கு 80 ரூபிள். சாயங்கால டீயை நிறுத்துகிறான். மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. செருப்பு தேயாமலிருக்கத் தெருவில் கால் பதியாமல் நடக்கிறான். இப்படிச் சேர்த்துத் தைத்த கோட்டு முதல் ராத்திரியே திருட்டுப் போகிறது. குளிரில் காய்ச்சல் கண்டு செத்துப்போகிறான். வணிகவியல் படித்தவனுக்கு இதைவிட நல்ல பட்ஜெட் கதை கிடையாது. எழுதிய கோகோலும் உக்ரைனில் பிறந்து 19 வயசில், 1828 டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க் குளிருக்குள் வந்து இறங்கியவர்தான்.

வெப்ப தேசத்து அப்பா, குளிர் தேசத்தில் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தது ஒரு கோட்டுக் கதைக்காரனின் பெயரை. பையன் பாதி நாவல் வரை அதைக் கழற்றி எறியப் பார்க்கிறான். லாஹிரி இதைத் தெரிந்து செய்தாரா, தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. அமைந்திருக்கிறது. குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்ததைப் பிள்ளைகள் பாரம் என்று நினைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குல்லாய் போடச் சொன்னால் எந்தக் குழந்தை போடுகிறது?

ஒரு மனக்குறை மட்டும் பாக்கி. கோகோலுக்கு ஒரு தங்கை, சோனியா. 1974-ல் பிறக்கிறாள். அதற்குள் அம்மாவுக்கு எல்லாம் பழகிவிட்டது. கடை தெரியும், ஹீட்டர் தெரியும், கம்பளியை எந்தத் தண்ணீரில் துவைக்கணும் என்று தெரியும். இரண்டாவது பிள்ளையைக் குளிரில் வளர்ப்பது எப்படி இருந்தது? முதலாவதைவிடச் சுலபமா, அல்லது பழகிப்போனதாலேயே இன்னும் தனிமையா? லாஹிரி அந்தப் பெண்ணைத் தட்டோடு உட்கார வைத்துச் சோறூட்டலை முடித்து அனுப்பிவிடுகிறார். அவளுக்கும் இருபது பக்கம் கொடுத்திருக்கலாம், பையனின் இரண்டாவது காதலியிடமிருந்து எடுத்து.

நாவலை வாங்குகிறவர்கள் முதல் நான்கு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவதில் அசோக் சாகிறார், அதை ராத்திரியில் படிக்க வேண்டாம். எட்டிலிருந்து பதினொன்று வரை வேகமாகப் புரட்டினால் தவறில்லை. பன்னிரண்டாவதில் நின்றுவிடுங்கள். வருஷம் 2000, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஆஷிமா விருந்தாளிகளுக்காகச் சமையலறையில் கீமா உருண்டைகளை ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை என்ன குறைகிறது என்று அவளுக்குத் தெரியும்.